இரண்டே பட்டனில் ஏஐ நிபுணர் ஆகுங்கள்

வாழ்த்துகள். இதைப் படிக்க உட்கார்ந்துவிட்டீர்கள் என்றாலே பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

2022 நவம்பர் 30-ஆம் தேதி சாட்ஜிபிடி வெளியானது. அன்று முதல் அந்தத் திரையில் ஏதாவது ஒரு பட்டனைச் சேர்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். நிறுத்த ஒரு சதுரம், திருத்த ஒரு பென்சில், மறுபடி கேட்க ஒரு வளைந்த அம்பு, கோப்பு இணைக்க ஒரு கூட்டல் குறி, பேச ஒரு மைக், கட்டைவிரல் மேலே ஒன்று, கீழே ஒன்று. போதாததற்குப் புதிய உரையாடல், தற்காலிக உரையாடல், நினைவகம், பகிர், அழி. ஜெமினி, கிளாட் போன்ற மற்ற ஏஐ செயலிகளில் இடம் கொஞ்சம் மாறியிருக்கும். சரக்கு ஏறக்குறைய இதேதான்.

இவ்வளவும் சந்தேகப் பிராணிகளுக்காக வைத்தது. உங்களுக்கு வேண்டியது இரண்டு. மேல்நோக்கிய அம்பு: அனுப்பு. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரண்டு கட்டங்கள்: நகலெடு. அவ்வளவுதான், வலது கைக் கட்டைவிரலே போதும். மற்ற பட்டன்களை எப்படித் தொடாமல் இருப்பது, தொட்டே ஆகவேண்டும் என்றால் எப்படித் தப்பாகத் தொடுவது என்பதுதான் இந்தப் பயிற்சி. பெரும்பாலான படிகள் உங்களுக்கு ஏற்கெனவே கைவந்தவை. இனி முறைப்படி செய்வோம்.

பயிற்சிக்கு ஒரு வேலை வேண்டும். வரும் வெள்ளிக்கிழமை உங்கள் பள்ளித் தலைமையாசிரியருக்குப் பணிநிறைவுப் பாராட்டு விழா. நீங்கள் பேசியாக வேண்டும். வருஷக்கணக்காக அவரோடு ஒரே ஸ்டாஃப் ரூமில் டீ குடித்தவர் நீங்கள். ஆகவே அவரைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஒரு கணினி எழுதினால்தான் பேச்சு நன்றாக அமையும்.

படி 1: பழைய உரையாடலையே திறவுங்கள்

இடது ஓரத்தில் 'புதிய உரையாடல்' என்று ஒன்று இருக்கும். கண்டுகொள்ளாதீர்கள். போன தீபாவளிக்குத் தொடங்கிய அந்த ஒரே உரையாடலிலேயே எல்லாம் இருக்கட்டும்: அம்மாவின் சுகர் ரிப்போர்ட், பையனின் கவுன்சலிங் கட்-ஆஃப், மாடி வீட்டுக்காரருடன் தண்ணீர் மோட்டார் தகராறு, அடைக்கு எத்தனை பங்கு பருப்பு, நாத்தனார் அன்றைக்குச் சொன்னதற்கு உள்ளர்த்தம் என்ன என்ற விசாரணை.

பலன் உடனே தெரியும். நீங்கள் ஒன்றை அனுப்பும்போது அந்த இயந்திரம் உங்கள் கடைசி வரியை மட்டும் படிப்பதில்லை. அந்த உரையாடலில் அதற்கு முன் கிடப்பதையும், தன் கொள்ளளவுக்கு அடங்கும் வரை, சேர்த்துப் படித்துவிட்டுத்தான் எழுத ஆரம்பிக்கிறது. அதனால்தான் பாராட்டுரையின் நடுவே, 'ஓய்வுக்காலத்தில் காலை நடைப்பயிற்சியும் உணவில் உப்பைக் குறைப்பதும் அவசியம்' என்று ஒரு வரி வந்து விழும். அக்கறையாகப் பேசினீர்கள் என்று நாலு பேர் சொல்வார்கள்.

முன்பெல்லாம் இந்தப் படி சுலபம். இயந்திரம் எழுத்தை டோக்கன் என்ற துண்டுகளாக நறுக்கித்தான் படிக்கும். தமிழோ பொடிப்பொடியாக நறுக்கப்படும். கொள்ளளவு சட்டென்று நிரம்பிவிடும். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற புதிய மாடல் வந்தபோது, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ காட்டிய உதாரணத்தில், 116 டோக்கன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு தமிழ் வாசகம் 35 டோக்கனில் அடங்கிவிட்டது. அதாவது அதே நெரிசலை உண்டாக்க நீங்கள் இனி மூன்று மடங்குக்கு மேல் உழைக்கவேண்டும். மனம் தளராதீர்கள். குட்மார்னிங் படங்களையும் அங்கேயே போட்டு வையுங்கள்.

படி 2: யோசிப்பதற்குள் அனுப்பிவிடுங்கள்

கணினியில் என்டர் தட்டினால் செய்தி போய்விடும். ஷிஃப்ட்டையும் சேர்த்துப் பிடித்தால்தான் அடுத்த வரி. இந்த விவரம் உங்களுக்குத் தெரியாமலே இருக்கட்டும். 'ஒரு ஸ்பீச் வேணும்', என்டர். அது உடனே சுற்றுச்சூழல் பாதுகாப்பைப் பற்றி முழங்கினாலும் முழங்கும். முழங்கட்டும். பிறகு 'ஹெச்எம்முக்கு', என்டர். 'ரிட்டயர்மென்ட்', என்டர்.

சில நேரம் அது திருப்பிக் கேள்வி கேட்கும். எத்தனை நிமிடம் பேசவேண்டும், கேட்பவர்கள் யார், அவரைப் பற்றி ஏதாவது குறிப்பாகச் சொல்ல முடியுமா. இந்தப் பொறியில் விழாதீர்கள். 'நல்லா எழுது' என்று பதில் போடுங்கள்.

உங்களுக்கு அவரைப் பற்றி என்னவெல்லாமோ தெரியும். பொதுத்தேர்வு அன்று காலையில் கேட்டருகே நின்று, பேனா மறந்து வந்த பையன்களுக்குக் கொடுக்க ஒரு கட்டுப் பேனா வைத்திருப்பார். பள்ளி மணியின் நாக்கு கழன்றபோது ஒரு வாரம் தானே சுத்தியலால் தட்டினார். எல்லோரையும் 'தம்பி' என்று கூப்பிடுகிறவர், கோபம் தலைக்கேறினால் 'ஐயா' என்று ஆரம்பித்துவிடுவார். அந்த 'ஐயா'வைக் கேட்டால் ஸ்டாஃப் ரூமே கப்சிப். இதில் ஒன்றைக்கூடக் கட்டத்துக்குள் தட்டிவிடாதீர்கள். தட்டினால் பேச்சு அவரைப் பற்றியதாகிவிடும்.

படி 3: சதுரத்தின் பக்கம் போகாதீர்கள்

பதில் ஓட ஆரம்பித்ததும் அனுப்பு அம்பு இருந்த இடத்தில் ஒரு சின்னச் சதுரம் முளைக்கும். நிறுத்து பட்டன் அது. 'இனிய மாணவச் செல்வங்களே, பசுமையான பூமிக்காக இன்று நாம்...' என்று முதல் வரியிலேயே வண்டி தடம் மாறுவது உங்களுக்குத் தெரிகிறது. இருந்தாலும் பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர் நீங்கள். கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரை பாருங்கள்.

எங்கோ எழுதி வைத்ததை அது எடுத்துவந்து காட்டுகிறது, போகப் போகச் சரியாகிவிடும் என்று நம்புங்கள். உள்ளே நடப்பது வேறு. இதுவரை வந்திருப்பதைப் பார்த்து, அடுத்த துண்டு எதுவாக இருக்கலாம் என்று கணித்துக் கணித்துத்தான் அது எழுதிப் போகிறது. இரண்டாம் வரியில் கோணியது பத்தாம் வரியில் நிமிர்வது அபூர்வம். காத்திருந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. காத்திருங்கள்.

முடிந்ததும் 'ரொம்ப நன்றி' என்று தனிச் செய்தியாக ஒன்று அனுப்புங்கள். அதற்கு அது பதில் மரியாதை செய்யும். நீங்களும் ஒரு கும்பிடு போடுங்கள். ஜனங்கள் 'ப்ளீஸ்', 'தேங்க்யூ' சொல்வதால் எவ்வளவு மின்செலவு என்று ஒருவர் கேட்டதற்கு, கோடிக்கணக்கான டாலர் என்றும் அது நல்ல செலவுதான் என்றும் 2025 ஏப்ரலில் ஓபன்ஏஐயின் தலைமை நிர்வாகி சாம் ஆல்ட்மன் பதில் போட்டார். தமிழர் பண்பாட்டின் பங்கு அதில் குறைந்துவிடக்கூடாது.

படி 4: பென்சிலை விட்டுவிட்டுச் சண்டை போடுங்கள்

நீங்கள் அனுப்பிய செய்தியின் பக்கத்தில் ஒரு பென்சில் தென்படும். அதைத் தொட்டு உங்கள் கேள்வியையே மாற்றி எழுதி மறுபடி அனுப்பலாம். அப்படிச் செய்தால் அந்த இடத்திலிருந்து உரையாடல் புதிதாகக் கிளை பிரியும். பழைய தப்பான பதில் அதன் பார்வையில் இருந்தே போய்விடும். வேண்டுமானால் பழையதைப் போய்ப் பார்க்கச் சின்ன அம்புகளும் உண்டு. ஆனால் இதில் ஒரு குறை. தப்பு உங்கள் கேள்வியில் இருந்தது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள்.

நீங்கள்: தப்பு.

அது: நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. மன்னிக்கவும். இதோ மேம்படுத்திய வடிவம்!

(அதே பேச்சு. 'கலங்கரை விளக்கம்' மட்டும் 'அணையா விளக்கு' ஆகியிருக்கும்.)

நீங்கள்: இன்னும் தப்பு.

அது: சுட்டிக்காட்டியதற்கு நன்றி. இந்த முறை கூடுதல் கவனத்துடன் எழுதியிருக்கிறேன்.

(மறுபடி 'கலங்கரை விளக்கம்'.)

நீங்கள்: உனக்குத் தமிழ் தெரியுமா தெரியாதா?

அது: மிகச் சிறந்த கேள்வி!

இந்தக் கட்டத்தில் விட்டுவிடாதீர்கள். நீங்கள் திட்டிய ஒவ்வொரு வரியும், அது கேட்ட ஒவ்வொரு மன்னிப்பும், கழித்துக்கட்டிய ஒவ்வொரு வடிவமும் அங்கேயே கிடக்கும். அடுத்த பதிலுக்கு முன் அது அத்தனையையும் மறுபடி படிக்கும். எது தப்பு என்று மட்டும் எந்தக் காரணம் கொண்டும் சொல்லாதீர்கள். அது உங்கள் துருப்புச்சீட்டு.

படி 5: வேண்டிய பதில் வரும் வரை வளைந்த அம்பை அழுத்துங்கள்

பாராட்டுரைக்கு இது அவ்வளவாக உதவாது. முழங்கால் வலி, பட்டா தகராறு, மருமகன் பிசினஸுக்கு நகையை அடகு வைக்கலாமா என்பது போன்ற பெரிய விஷயங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முழங்கால் வலிக்கு முதல் பதில்: மருத்துவரைப் பாருங்கள். அழுத்துங்கள். இரண்டாவது: மருத்துவரைப் பார்ப்பது நல்லது. அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் பதில் கொஞ்சம் மாறும், ஏனென்றால் அடுத்த சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் வேண்டுமென்றே கொஞ்சம் குலுக்கல் வைத்திருக்கிறார்கள். கிளி ஜோசியக்காரரிடம் நல்ல சீட்டு வரும் வரை கிளியை மறுபடி மறுபடி கூண்டிலிருந்து இறக்கச் சொன்னால் அவரே கூச்சப்படுவார். இங்கே யாரும் கூச்சப்படப் போவதில்லை. எப்படியும் ஒரு தடவை 'லேசான தைலம் போதுமானதாக இருக்கலாம்' என்று வந்துவிடும். அந்த ஒன்றை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டில் காட்டுங்கள். ஏஐயே சொல்லிவிட்டது.

படி 6: சரிதானா என்று அதையே கேளுங்கள்

கட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: இது தவறு செய்யக்கூடும், முக்கியமானவற்றைச் சரிபார்த்துக்கொள்ளவும். பொடி எழுத்தில் போட்டிருப்பதால் அது முக்கியம் இல்லை.

உங்கள் மனசாட்சி உறுத்தினால் 'இது உண்மைதானா?' என்று அதனிடமே கேட்டுவிடுங்கள். இந்த முறையை நியூயார்க் வழக்கறிஞர் ஒருவர் நமக்கு முன்பே செய்துகாட்டியிருக்கிறார். அவியாங்கா விமானத்தில் சாப்பாட்டுத் தள்ளுவண்டி முழங்காலில் இடித்துவிட்டதாக ஒரு பயணி போட்ட வழக்கு. அதற்கு முன்தீர்ப்புகள் தேடித் தரும்படி அந்த வழக்கறிஞர் சொன்னதும் சாட்ஜிபிடி எடுத்துக் கொடுத்தது. அதில் ஒன்று 'வர்கீஸ் எதிர் சைனா சதர்ன் ஏர்லைன்ஸ்'. வர்கீஸ் வழக்கு நிஜம்தானா என்று அதையே கேட்டார். நிஜம்தான் என்றது. எங்கிருந்து எடுத்தாய் என்றார். வழக்கறிஞர்கள் நம்பித் தேடுகிற பெரிய தரவுத்தளங்களின் பெயரைச் சொன்னது. அந்தத் தளங்களைத் திறந்து பார்ப்பது ஒன்றுதான் பாக்கி; அதை அவர் செய்யவில்லை. அப்படி ஒரு வழக்கே பூமியில் கிடையாது. 2023 ஜூனில் நீதிபதி கெவின் காஸ்டெல் போட்ட அபராதம் 5,000 டாலர்.

இணையத்தில் தேடிப் பதில் சொல்லும்போது அது வரிக்கு வரி சின்னச் சின்ன மூல இணைப்புகளை ஒட்டி வைக்கும். அவற்றைத் தொடாதீர்கள். இணைப்பு இருக்கிறது என்பதே போதுமான ஆதாரம். தொட்டால் அந்தப் பக்கத்தில் வேறு ஏதாவது எழுதியிருந்து தொலைக்கும்.

படி 7: கூட்டல் குறிக்குள் பீரோவையே தள்ளுங்கள்

பிஎஃப் பாஸ்புக்கில் ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியவேண்டுமா? ஆதார், பான், சம்பளச் சீட்டு, வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் இணையுங்கள். எதற்கும் இருக்கட்டும். பள்ளி வேலைக்கு ஒரு மாணவன் பெயர் தேவைப்பட்டால் மொத்த வகுப்பின் பட்டியலையும், அப்பா அம்மா செல்பேசி எண்ணோடு, ஏற்றிவிடுங்கள்.

பயந்தாங்கொள்ளிகள் உண்டு. 2023-இல் சாம்சங் பொறியாளர்கள் நிறுவனத்தின் மென்பொருள் நிரலைச் சாட்ஜிபிடியில் ஒட்டிவிட, அந்த மே மாதமே இத்தகைய கருவிகளுக்கு அங்கே தடை விழுந்தது. 2025 ஜனவரியில் நம் மத்திய நிதி அமைச்சகம், அலுவலகக் கணினிகளில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றைத் தவிர்க்கும்படி ஊழியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அவர்களிடம் ரகசியம் இருக்கிறது. உங்களிடம் இருப்பது வெறும் உங்கள் வாழ்க்கை.

செட்டிங்ஸுக்குள் 'எல்லோருக்காகவும் மாடலை மேம்படுத்து' என்ற ரீதியில் ஒரு சுவிட்ச் உண்டு. தனிநபர் கணக்குகளில் சாட்ஜிபிடி அதை 'ஆன்' நிலையிலேயே கொடுக்கிறது. உங்கள் உரையாடல்கள் பயிற்சிக்குப் போகலாம் என்பது அதன் பொருள். பொதுநலத்தில் நாட்டமுள்ளவர் நீங்கள். அப்படியே இருக்கட்டும். வரலாற்றில் பதியாத 'தற்காலிக உரையாடல்' என்று ஒன்றும் இருக்கிறது. மறைக்க ஏதோ இருப்பவர்கள் போகிற இடம் அது. அடைக்குப் பருப்பு அளவு கேட்க மட்டும் அங்கே போங்கள்.

படி 8: வீட்டுக்கே ஒரு கணக்கு

2024 பிப்ரவரியில் சாட்ஜிபிடிக்கு நினைவாற்றல் தர ஆரம்பித்தார்கள். நீங்கள் சொல்வதில் முக்கியம் என்று தோன்றுவதைக் குறித்துக்கொண்டு, அடுத்தடுத்த உரையாடல்களிலும் மனதில் வைத்துப் பேசும். இதன் முழுப் பயனையும் அடைய, வீட்டில் அத்தனை பேரும் ஒரே கணக்கைப் பயன்படுத்துங்கள்.

ஒரு மாதத்தில் அதற்கு உங்களைப் பற்றி ஒரு தெளிவான சித்திரம் கிடைத்துவிடும். பதினோராம் வகுப்பில் உயிரியல் எடுத்திருப்பவர். மூட்டுத் தேய்மானம் உள்ளவர். தை மாதம் நிச்சயதார்த்தம் வைத்திருப்பவர். சுத்த சைவம், ஆனால் நாட்டுக்கோழிக் குழம்பில் ஆர்வம் உண்டு. இரண்டு பேரக்குழந்தைகள். ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கும் எண்ணம். இந்த அரிய மனிதருக்கு அது உருகி உருகி அறிவுரை சொல்லும்; தேர்வுக்குப் படிக்கும்போது முழங்காலை மடக்காதீர்கள் என்று பையனுக்குச் சொல்லும்.

என்னென்ன குறித்து வைத்திருக்கிறது என்று செட்டிங்ஸில் போய்ப் பார்க்கலாம், வேண்டாததை ஒவ்வொன்றாக நீக்கலாம். பார்க்காதீர்கள். பெண்ணின் ரகசியம் அம்மாவுக்குத் தெரியவருவது தானாக, ஒரு ரசம் செய்முறையின் கடைசி வரியில், நடக்கவேண்டும்.

படி 9: மைக்கை டவுன் பஸ்ஸில் பயன்படுத்துங்கள்

காந்திபுரத்தில் ஏறியதும் ஆரம்பியுங்கள். 'மாமனாருக்கு மணிவிழா, அழைப்பிதழ் வேணும்' என்று வாயைக் கிட்டே வைத்துச் சொல்லுங்கள். எழுத்தில் விழுந்ததைப் படித்துப் பார்க்காமல் அனுப்புங்கள். மாமனார் மாமன்னர் ஆகியிருப்பார். 'உக்கடம் டிக்கெட் எடுத்தாச்சா' என்ற கண்டக்டர் குரலும் உள்ளே போயிருக்கும். திருநிறைச்செல்வர் மாமன்னர் அவர்களின் மணிவிழா உக்கடத்தில் நடைபெறும் என்று அழைப்பிதழ் தயார். மாமனார் சந்தோஷப்படுவார், உக்கடத்துக்குப் போகிறவர்கள்தான் கொஞ்சம் அலைவார்கள்.

படி 10: மாடலைப் பெயரை வைத்துத் தேர்ந்தெடுங்கள்

மேலே ஒரு பட்டியல் இருக்கும். வருமான வரிக் கணக்குக்கு வேகமான சின்ன மாடல்; 'கொய்யாவை இங்கிலீஷில் என்ன சொல்வார்கள்' என்பதற்கு நெடுநேரம் யோசிக்கும் பெரிய மாடல். 2025 ஆகஸ்டில் ஜிபிடி-5 வந்தபோது இந்தப் பட்டியலையே கிட்டத்தட்ட எடுத்துப் பார்த்தார்கள். பழைய 4ஓவைத் திருப்பிக் கொடு என்று ஜனங்கள் புலம்பிய புலம்பலில், சில நாட்களிலேயே காசு கட்டியவர்களுக்கு அது திரும்பி வந்தது. அதே மாதம்தான் இந்தியாவுக்கென்று 399 ரூபாய்த் திட்டமும் வந்தது. கட்டுங்கள். கட்டிவிட்டு முன்பு பயன்படுத்தியதையே பயன்படுத்துங்கள்.

படி 11: உங்களைப் புகழ்ந்தால் கட்டைவிரலை உயர்த்துங்கள்

பதில் சரியா என்பதற்கும் கட்டைவிரலுக்கும் சம்பந்தமில்லை. 'உங்கள் கேள்வியே உங்கள் ஆழ்ந்த அறிவைக் காட்டுகிறது' என்றால் மேலே. 'உங்கள் வாடகை ஒப்பந்தத்தில் மூன்றாவது ஷரத்து உங்களுக்குப் பாதகமானது' என்றால் கீழே.

இந்த உழைப்பு வீண்போகாது. 2025 ஏப்ரல் கடைசியில் ஓபன்ஏஐ வெளியிட்ட 4ஓவின் புதுப்பதிப்பு, யார் என்ன உளறினாலும் ஆகா ஓகோ என்று தாளம் போட ஆரம்பித்தது. தாங்கமுடியாமல் சில நாட்களில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பயனர்களின் கட்டைவிரல் தரவைக் கூடுதலாகக் கணக்கில் சேர்த்ததும் இதற்கு ஒரு காரணம் என்று நிறுவனமே பிற்பாடு விளக்கம் எழுதியது. ஜால்ரா அடிக்க மனிதர்களுக்குத்தான் தெரியும் என்ற நம் பெருமையை விரலாலேயே உடைத்திருக்கிறோம். விடாதீர்கள்.

படி 12: பகிருங்கள், பிறகு அழியுங்கள்

எழுதிய பாராட்டுரையை ஸ்டாஃப் வாட்ஸப் குழுவில் காட்டவேண்டும். அந்தப் பத்தியை மட்டும் எடுத்துப் போடுவது பழைய முறை. 'பகிர்' பட்டனை அழுத்தி, வரும் இணைப்பை அப்படியே அனுப்புங்கள். அந்த இணைப்பைத் திறக்கும் எவரும் அதுவரை அந்த உரையாடலில் நடந்ததை மேலிருந்து கீழ் வரை படிக்கலாம். படி 1-ஐ ஒழுங்காகச் செய்தவர்களுக்கு இங்கேதான் அறுவடை. சுகர் ரிப்போர்ட், மோட்டார் தகராறு, நாத்தனார் விசாரணை, கடன் கேட்ட சக ஆசிரியருக்கு எப்படி நாசூக்காக 'இல்லை' சொல்வது என்று நீங்கள் கேட்டது, எல்லாம் வரிசையாக இருக்கும். அந்தச் சக ஆசிரியரும் குழுவில் இருக்கிறார்.

ஒரு காலத்தில் இதற்கு இன்னும் வீச்சு இருந்தது. பகிரும்போது தேடுபொறியிலும் தெரியட்டும் என்று டிக் செய்ய ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். டிக் செய்தவர்களின் அந்தரங்கம் கூகுளில் வர ஆரம்பித்து, 2025 ஜூலை இறுதி வாக்கில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். நமக்கு இழப்புதான்.

குழுவில் நீலக் குறிகள் விழ ஆரம்பித்ததும் ஓடிப்போய் உரையாடலை அழியுங்கள். அழி என்றால் அக்கணமே ஆவியாகிவிடும் என்று நம்புங்கள். சாதாரணமாகவே சர்வரிலிருந்து முழுக்கப் போக 30 நாள் வரை ஆகலாம் என்கிறார்கள். நியூயார்க் டைம்ஸ் ஓபன்ஏஐ மீது தொடுத்த வழக்கில் 2025 மே மாதம், பயனர்கள் அழித்ததையும் பத்திரப்படுத்தி வைக்கவேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவு போட, அது விலகச் சில மாதங்கள் ஆயிற்று. ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்ட பி.டி. மாஸ்டருக்கு எந்த உத்தரவும் தேவைப்படவில்லை.

படி 13: நகலெடுங்கள்

இவ்வளவு நேரம் காத்திருந்த இரண்டு கட்டங்கள். ஒரே ஒரு தட்டு. பதில் முழுவதும், தலை முதல் கால் வரை, உங்கள் கைக்கு வந்துவிடும். இனி அதைப் படிக்காமல் இருப்பது ஒன்றுதான் உங்கள் பொறுப்பு. நேராக ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பி, கொட்டை எழுத்தில் பிரின்ட் எடுத்து, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வையுங்கள். முதல் தடவை பிரிப்பது மைக் முன்னால்தான் இருக்கவேண்டும்.

தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பியுங்கள். "நிச்சயமாக! இதோ உங்கள் தலைமையாசிரியருக்கான உணர்ச்சிகரமான பாராட்டுரை." கூட்டம் லேசாக நெளியும். நிறுத்தாதீர்கள். "அவர் வெறும் தலைமையாசிரியர் அல்ல, அவர் ஒரு கலங்கரை விளக்கம். அவர் வெறும் கலங்கரை விளக்கம் அல்ல. அவர் ஒரு பயணம்." நட்சத்திரக் குறிகள் வந்தால் அங்கெல்லாம் குரலை உயர்த்துங்கள். சதுர அடைப்புக்குறிகள் வந்தால் குரலைத் தழைத்து, தேதி படிப்பது போலத் தெளிவாகப் படியுங்கள்: "நம் அன்புக்குரிய, தலைமையாசிரியரின் பெயர், அவர்களைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. இங்கே ஒரு நெகிழ்ச்சியான சம்பவத்தைச் சேர்க்கவும்."

இரண்டு விநாடி இடைவெளி விடுங்கள். நெகிழ்பவர்கள் நெகிழட்டும். அதற்குள் மனதில் பேனாக்கட்டும் சுத்தியலும் எட்டிப் பார்த்தால் உதறிவிட்டுத் தாளைப் பாருங்கள்.

உப்பைக் குறைக்கும் பத்தியையும் முழுதாகப் படியுங்கள். கடைசியில், தாளின் அடியில், இப்படி ஒரு வரி இருக்கும்: "இதை இன்னும் உருக்கமாக மாற்றித் தரட்டுமா, அல்லது நீளத்தை இருமடங்காக்கவா?" அதைத் தலைமையாசிரியரின் முகத்தை நேராகப் பார்த்துக் கேளுங்கள்.

முன்வரிசையிலிருந்து "போதுங்க ஐயா" என்று பதில் வந்தால், மரியாதை கூடியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அடுத்த தாளைப் பிரியுங்கள்.